ஒடுங்கு அல்லீல் ஏன் ஒழிவதில்லை?

தனி உயிரி பரிணாமம் அடைவதில்லை. ஒரே இனத்துக்குள், ஒரு மரபணுவின் எந்த வடிவம், அதாவது எந்த அல்லீல், எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. நுண்பரிணாமம் என்பது அவ்வளவுதான். ஓங்கு அல்லீல் ஒரு நகல் இருந்தாலே உடலில் தெரியும்; ஒடுங்கு அல்லீல் இரண்டு நகலும் அதுவாக இருந்தால்தான் தெரியும். எண்ணிப் பார்த்துவிடலாம்.

100 பூச்சிகள், ஆளுக்கு இரண்டு நகல், மொத்தம் 200. இரண்டும் ஓங்கு வடிவமாக உள்ளவை 36, கலப்பு 48, இரண்டும் ஒடுங்கு வடிவமாக உள்ளவை 16. ஒடுங்கு நகல்கள் 48 + 32 = 80, அதாவது 40%. அந்த 16 பூச்சிகளும் முட்டையிடும் முன்பே செத்தால், மிஞ்சும் 168 நகல்களில் 48 மட்டுமே ஒடுங்கு, 28.6%. ஒரே தலைமுறையில் பெரிய சரிவு.

இந்த வேகம் நீடிக்காது. விகிதம் 1 சதவீதத்துக்கு வந்தபின் அது பாதியாவதற்கு 100 தலைமுறைகள் ஆகும், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒடுங்கு பண்பு தெரியும் அத்தனையும் செத்தாலும்கூட! அந்த நிலையில் 10,000 பூச்சிகளில் ஒன்றுதான் மாட்டும். ஒரு நகலை மறைத்து வைத்திருப்பவை 198. இயற்கைத் தேர்வுக்கு உடல்தான் தெரியும், மரபணு தெரியாது.

ஓங்கு அல்லீல் அரிதாக இருந்தாலும் ஒளிந்துகொள்ள முடியாது. இங்கிலாந்தின் பிஸ்டன் பெட்டுலாரியா அந்துப்பூச்சியில் கறுப்பு நிறம் ஓங்கு பண்பு. மான்செஸ்டரில் 1848-இல் பதிவான கறுப்பு வகை, 1895 வாக்கில் அங்கே 98 சதவீதத்தை எட்டியது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பதால் ஐம்பது தலைமுறைகூட ஆகவில்லை. கரிப்புகை படிந்த மரத்தில் கறுப்பு எளிதில் தெரியவில்லை. புகை குறைந்தபின் அதே கறுப்பு, பறவைகளின் கண்ணில் பட்டு வேகமாகச் சரிந்தது.

புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பிடி (Bt) பருத்தியோடு சாதாரணப் பருத்தியும் நடச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். நச்சைத் தாங்கும் அல்லீல் ஒடுங்கு வகையாக இருந்தால், தப்பிய சில காய்ப்புழுக்கள் அந்துப்பூச்சியாகி, சாதாரணச் செடியில் வளர்ந்த ஏராளமான பூச்சிகளோடு சேரும். குட்டிகள் எல்லாம் கலப்பு, நச்சுக்குப் பலியாகும். இரண்டு இடத்துப் பூச்சிகளும் ஒரே சமயத்தில் வெளிவராவிட்டால் இது பலிக்காது. அதைவிடப் பெரிய ஓட்டை நச்சளவு. செடி முதிர முதிர நச்சு குறைகிறது. கலப்புப் புழுவும் பிழைக்கத் தொடங்கினால், ஒடுங்கு அல்லீல் நடைமுறையில் ஓங்கு போலவே பரவும். இளஞ்செடியில் மட்டும் நச்சளவைச் சோதிப்பவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.