பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் ஊசி

தீப்பிடித்த இடத்தில் எல்லோர் கண்ணும் ஹோஸின் முனையான நாசிலைப் பிடித்திருப்பவர் மேல்தான் இருக்கும். தீயணைப்பு வண்டியை ஒட்டி, பல சமயம் நெருப்புக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, அழுத்தம் காட்டும் நாலைந்து கேஜ்களையே பார்த்தபடி ஒருவர் நிற்பாரே, அவரை யாரும் கவனிப்பதில்லை. அவர்தான் பம்ப் ஆபரேட்டர். தண்ணீர் எவ்வளவு வேகத்தில் அடிக்கும், எத்தனை நிமிடம் தாங்கும் என்பதெல்லாம் அவர் கையில். அவருடைய பெரிய கவலை என்ன தெரியுமா? காற்று.

வண்டியின் டேங்கில் 4500 லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. வாயுள்ள நாசிலுக்கு 5 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) கிடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 600 லிட்டர் வெளியேறும். ஏழரை நிமிடத்தில் டேங்க் காலி! அதற்குள் ஹைட்ரன்ட்டோ (தீயணைப்புக்கென்று வைத்த தெருக் குழாய்), குளமோ, தொட்டியோ எதிலிருந்தாவது தண்ணீர் வந்துவிட வேண்டும்.

இந்த வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப். வண்டியை ஓட்டிவந்த அதே எஞ்சின்தான், நின்ற பிறகு பம்ப்பையும் சுற்றுகிறது. உள்ளே இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் நடுவில் நுழையும் தண்ணீரை விளிம்புக்கு வீசியெறியும். நத்தைக்கூடு மாதிரி சுற்றியிருக்கும் உறை அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றும். எளிமையான, முரட்டுத்தனமான கருவி. ஆனால் அதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. உள்ளே தண்ணீர் இருந்தால்தான் வீசும். காற்றின் அடர்த்தி தண்ணீரில் சுமார் 800-ல் ஒரு பங்குதான் என்பதால், காற்றை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் குளத்துத் தண்ணீரை மேலே கொண்டுவரும் அளவுக்கு அழுத்தம் குறையாது. கிணற்று மோட்டார் "ஏர் பிடிச்சிடுச்சு" என்று அதன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தீயணைப்பு வண்டியில் குடத்துக்குப் பதில் பிரைமர் என்ற ஒரு குட்டிப் பம்ப் இருக்கிறது. அதன் ஒரே வேலை காற்றை வெளியேற்றுவது. சக்‌ஷன் ஹோஸின் (தண்ணீரை இழுக்கும் குழாய்) ஒரு முனையைப் பம்ப்பில் மாட்டி, மறுமுனையில் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியைப் பொருத்திக் குளத்துக்குள் இறக்கிவிட்டு, தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வுகளை எல்லாம் மூடிக்கொண்டு பிரைமரைப் போடுவார்கள். இழுப்புப் பக்கத்துக் கேஜின் ஊசி பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் (இந்தக் கேஜில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் பூஜ்ஜியம்). கொஞ்ச நேரம் வேறு எதுவும் நடக்காது. அப்புறம் ஹோஸ் லேசாக ஒரு குலுங்கு குலுங்கும், எடை ஏறி அமுங்கும், பிரைமரின் வாயிலிருந்து காற்றும் நீரும் கலந்து நுரையாகக் கக்கும், எஞ்சின் சத்தம் கனக்கும், டெலிவரி கேஜின் ஊசி சட்டென்று மேலே எழும். தண்ணீர் வந்துவிட்டது.

எப்படி வந்தது? பம்ப் இழுத்தது என்றுதான் எல்லோரும் சொல்வோம், பேச்சுக்குச் சரி. நிஜத்தில் குளத்தின் மேல் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளியது. பம்ப் செய்ததெல்லாம் வழிவிட்டதுதான். 1643-ல் இத்தாலிய விஞ்ஞானி டொரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டியதும் இதைத்தான். கடல் மட்டத்தில் காற்று தள்ளக்கூடிய உயரம் 10.3 மீட்டர், அதுவும் முழு வெற்றிடம் கிடைத்தால். உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் ஏழு, ஏழரை மீட்டர். எத்தனை குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டினாலும் 11 மீட்டர் ஆழத்துத் தண்ணீரை மேலே நிற்கும் பம்ப் எடுக்காது. மலை மேல் போனால் காற்றழுத்தம் குறைவு, அதனால் இந்த உயரமும் குறையும்.

சக்‌ஷன் ஹோஸ் ஏன் கம்பிச் சுருள் வைத்து விறைப்பாக இருக்கிறது என்பதும் இதனால்தான். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று அதை நசுக்கப் பார்க்கும். அதைச் சுவரின் மேல் மேடாக வளைத்துப் போடவும் கூடாது, பம்ப் வாயைவிட உயர்ந்த வளைவில் காற்று தங்கிவிடும்.

தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் ஆபரேட்டர் கேஜைப் படிப்பது கிட்டத்தட்ட நாடி பார்ப்பதுதான். மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கிறார் என்றால் ஊசி பூஜ்ஜியத்துக்குக் கீழே 0.3 பாரைச் சற்றுத் தாண்டி நிற்க வேண்டும். திடீரென்று இன்னும் கீழே போனால் ஸ்ட்ரெய்னரை இலையோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறது. மாறாக பூஜ்ஜியத்தை நோக்கி ஏறினால் எங்கோ காற்று புகுந்துவிட்டது: இணைப்பு தளர்ந்திருக்கலாம், நீர்மட்டம் இறங்கி ஸ்ட்ரெய்னருக்கு மேலே சுழி விழுந்து அது வழியாகக் காற்று இறங்கலாம். சுழி என்றால் ஒரு பலகையை அதன் மேல் மிதக்கவிட்டாலே பெரும்பாலும் உடைந்துவிடும்.

உள்ளே வருவதைவிட அதிகமாக வெளியே அனுப்ப ஆசைப்பட்டு ஆக்சிலரேட்டரை ஏற்றினால் வேறு வம்பு. இம்பெல்லரின் நடுவில் அழுத்தம் அவ்வளவு குறைந்து, சாதாரண வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் விளிம்புப் பக்கம் போய் அழுத்தத்தில் உடையும்போது பம்ப்புக்குள் ஜல்லியைக் கொட்டியது போல் சத்தம் கேட்கும். உலோகமே அரித்துப்போகும். வேகத்தை ஏற்றியும் டெலிவரி அழுத்தம் ஏறவில்லை என்றால் உடனே குறைத்துவிட வேண்டும், மேலும் மிதிப்பதில் அர்த்தமில்லை.

ஹைட்ரன்ட்டில் தண்ணீர் தானே அழுத்தத்தோடு வருவதால் மெல்லிய துணி ஹோஸே போதும். அங்கேயும் இழுப்புப் பக்க ஊசி பூஜ்ஜியத்துக்கு இறங்க விடக்கூடாது. ஹோஸ் சப்பிப்போவது ஒரு பக்கம், நிலத்தடிக் குழாயின் ஓட்டைகள் வழியாக அழுக்கு நீர் உள்ளே இழுபடும் ஆபத்து மறுபக்கம்.

சரி, வெளியே அனுப்பும் பக்கம். இது கூட்டல் கணக்கு. நாசிலில் 5 பார் வேண்டும். நாசில் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் 2 பார். நூறு மீட்டர் நீளத்துக்கு 70 மி.மீ. ஹோஸ், அதில் 600 லிட்டர் ஓடினால் உராய்வில் சுமார் 1 பார் போகும். ஆக, பம்ப்பில் 8 பார். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு ஆகும். ஹோஸின் விட்டத்துக்கு இதைவிட மோசமான விதி: 70-க்குப் பதில் 45 மி.மீ. போட்டால் அதே ஓட்டத்துக்கு இழப்பு சுமார் ஒன்பது மடங்கு. அதனால்தான் தூரம் அதிகமென்றால் இரண்டு வரிசை ஹோஸ் போடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் பாதி ஓட்டம், கால்வாசி உராய்வு.

தேவைக்கு மேல் அழுத்தம் கொடுப்பதும் உதவியல்ல. சொன்ன 20 மி.மீ. நாசில் 5 பாரிலேயே பிடித்திருப்பவரை 32 கிலோ எடைக்குச் சமமான விசையில் பின்னால் தள்ளும். ஏணி மேல் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் நாசிலைப் படாரென்று மூடினால் ஓடிவந்த நீர் முழுவதும் சம்மட்டியாகத் திரும்பி மோதும், ஹோஸ் வெடிக்கலாம். மெதுவாக மூடினாலும் ஆபரேட்டருக்கு வேலை இருக்கிறது: வெளியே வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர் சில நிமிடங்களில் சூடேறிவிடும். கொஞ்சத்தை டேங்குக்கே திருப்பிவிட்டுக்கொண்டு காத்திருப்பார்.

வேலை முடிந்து நிலையத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பம்ப்பை வடித்துவிட்டு, எல்லா வாய்களையும் மூடி, தண்ணீரே இல்லாமல் பிரைமரை மட்டும் ஓட்டி ஊசியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 0.8 பார் வரை இறக்குவார்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஊசி மெல்ல ஏற ஆரம்பித்தால், ஒவ்வொரு இணைப்பாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போவார்கள், எங்கே 'உஸ்' என்கிறது என்று.