கார்பன் கடனா, கார்பன் வரவா?

'விவசாயிகளுக்குக் கார்பன் கடன்' என்று மறுபடியும் ஒரு செய்தித் தலைப்பு. படிக்கிற விவசாயி முதலில் கேட்பது 'வட்டி எவ்வளவு?' என்றுதான். அடுத்த கேள்வி, தள்ளுபடி உண்டா. அவர் மேல் தப்பில்லை, தலைப்பு அப்படி.

'கார்பன் கிரெடிட்' என்பதைத்தான் கார்பன் கடன் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கார்பன் கிரெடிட் என்பது ஒரு சான்று. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடோ அதற்கு நிகரான வேறு பசுமை இல்ல வாயுவோ காற்றில் கலக்காமல் தடுத்தால், அல்லது காற்றிலிருந்து அகற்றினால், சரிபார்த்து ஓர் அலகு தருவார்கள். அதை விற்கலாம். 1997-இல் உருவான கியோட்டோ ஒப்பந்தம் இதற்கு உலகச் சந்தை அமைத்தது. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் ஒருங்கிணைத்த காற்றாலைகளும், பிரேக் போடும்போது மின்சாரத்தை மீட்டெடுக்கும் டெல்லி மெட்ரோவும் அதில் பதிவு பெற்றவை. இந்தியா தனக்கென ஒரு கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தை 2023-இல் அறிவித்தது.

கிரெடிட் லத்தீன் வழி வந்த சொல், வேர்ப்பொருள் 'நம்புதல்'. நம்பிக் கொடுத்தால் கடன், கணக்கில் ஒருவர் பெயருக்கு நேரே சேர்த்தால் வரவு. பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இரண்டும் தெரியும்: பற்று, வரவு என்றும் சொல்வார்கள், கடன் விற்பனை என்றும் சொல்வார்கள். எந்த இடத்தில் எது என்று குழம்புவதில்லை. குழம்புவது அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடுகிற மொழிபெயர்ப்பாளர்தான்.

கடனுக்குக் கடமை என்றும் பொருள் உண்டே, காலைக்கடன், நீத்தார் கடன் இல்லையா என்று வாதாடுபவர்கள் உண்டு. சரி, அப்படியே பார்ப்போம். சான்று கைக்கு வரும்போது வேலை முடிந்துவிட்டது. புகை தடுக்கப்பட்டாயிற்று, சரிபார்த்தாயிற்று. இனிச் செலுத்த வேண்டிய கடமையும் இல்லை, பணமும் இல்லை. வர வேண்டியதுதான் இருக்கிறது. அதற்கு வரவு என்ற சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

இதைவிடப் பெரிய சிக்கல், உண்மையான கடன் ஒன்று வேறாக இருப்பது. இதுவரை மொத்தமாக அதிகப் புகை விட்ட நாடு அமெரிக்கா. இப்படிப்பட்ட பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்டிருப்பதைத்தான் காலநிலைக் கடன், கார்பன் கடன் என்று சொல்லி வழக்காடுகிறார்கள். 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தன. 2020-க்குள் என்று சொன்னது 2022-இல்தான் எட்டியது, அதிலும் அரசு வழி வந்ததில் பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன். விற்கிற சான்றும் கடன், பட்ட கடனும் கடன், கொடுத்த உதவியும் கடன் என்றால் வாசிப்பவர் என்னதான் செய்வார்?

'கரிம வரவு' என்று எழுதும் தனித்தமிழ் அன்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கரிமம் நல்ல சொல். ஆனால் கரிம வேதியியல், கரிம உரம் என்று 'ஆர்கானிக்' பொருளில் அது ஏற்கெனவே ஊன்றிவிட்டது. வயல்காரரிடம் கரிம வரவு என்றால் தொழுவுரக் கணக்கு என்று நினைப்பார். கார்பன் வரவு போதும்.

தமிழில் சொல் இல்லை என்ற புலம்பலையும் என்னால் ஏற்க முடியவில்லை. நெல் வயலில் எப்போதும் நீர் தேங்கினால் மீத்தேன் என்ற பசுமை இல்ல வாயு கிளம்பும். ஓட்டையிட்ட குழாயைச் சேற்றில் செருகி, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி நீர் விட்டால் அது குறையும், தண்ணீரும் மிச்சம். கார்பன் வரவு தேடும் நெல் திட்டங்கள் பலவும் இதை நம்பித்தான். இதற்கு நம் ஊர்ப் பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும். 'மாறிமாறி ஈரமாக்கலும் உலர்த்தலும்' என்று அறிக்கையில் எழுதுகிறவர் வயலில் இறங்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம், ஆஃப்செட்: தான் விடும் புகைக்குப் பதிலாக வேறிடத்தில் தடுத்த புகையின் சான்றை வாங்கிக் கணக்கை நேர்செய்வது. அதை அப்படியே 'கார்பன் ஆஃப்செட்' என்று போட்டால் பாதிப் பேருக்குச் சிவகாசி அச்சகம்தான் நினைவுக்கு வரும். 'கார்பன் ஈடு' எனலாமா? நகையை ஈடு வைக்கிற பொருள் குறுக்கே வந்து மறுபடியும் கடனில் கொண்டுபோய் விடும். 'ஈடுசெய்தல்' என்று வினையாகவே எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.