முதல் கல்லைப் பெயர்க்கும் முன்

கொங்கு நாட்டுக் கோயில் ஒன்றுக்குக் குடமுழுக்கு நாள் குறித்துவிட்டால், பாலாலயம் (திருப்பணி முடியும்வரை இறைவனைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்வது), சாரம், வர்ணம் என்று வேலைகள் அடுத்தடுத்து ஓடத் தொடங்கிவிடும். பழைய கட்டடம் எப்படி இருந்தது என்று அளந்து வைக்கும் எண்ணமோ, பெரும்பாலும் தளக்கற்களைப் பெயர்த்த பிறகுதான் வருகிறது. அப்போது அளப்பதற்குப் பாதிக் கட்டடம்தான் மிஞ்சியிருக்கும். பழங்கட்டட அளவைப் பணியில் இருக்கும் நான் திருப்பணிக் குழுவினரிடம் முதலில் கேட்டுக்கொள்வது, பிரகாரம், மண்டபம், விமானம் ஆகியவற்றைச் சாரம் கட்டுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும் என்பதே. கருவறையைப் பாலாலயம் முடிந்தபின், சிவாச்சாரியாரின் இசைவோடு அளக்கலாம்.

இப்படி அளக்க நாங்கள் பயன்படுத்தும் லேசர் ஸ்கேனர் சுழன்றபடி கதிர்களை வீசி, அவை திரும்பி வருவதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, கட்டடத்தைப் பல கோடிப் புள்ளிகளாகப் பதிவு செய்கிறது; தூணின் சாய்வும் உத்தரத்தின் தொய்வும் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் தெரிந்துவிடும். ஆனால் கதிர் படாத இடம் பதிவாகாது. 17ஆம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் எழுப்பிய கோவையை அடுத்த பேரூர்க் கோயிலின் கனகசபையைப் போல, கஜசம்ஹாரரும் வீரபத்திரரும் தூணை விட்டு முன்னே புடைத்து நிற்கும் மண்டபங்களில் ஒவ்வொரு சிற்பமும் தனக்குப் பின்னால் இருப்பதை மறைத்துவிடுவதால், கருவியைப் பல இடங்களில் மாற்றி வைத்தே அளக்க வேண்டும். எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளக்கும் கல்லில் அளவு பிசகும் என்பதால், நெருங்கி எடுத்த ஒளிப்படங்களாலும் அதைச் சரிபார்க்கிறோம்.

எனக்கு மிகுந்த கவலை தருபவை அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளப் பகுதியில், உள்ள கல்வெட்டுகள். மணல் வீச்சால் சுவரைச் சுத்தம் செய்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். அது மீளவே மீளாது. கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்திப் படமெடுத்தால், மைப்படியில் (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) தெளிவாக விழாத எழுத்துகூடச் சில நேரம் துலங்கும். இந்தப் பதிவு முடியும்வரை சுவரில் கைவைக்க வேண்டாம்.

2019இல் பாரிசின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் எடுத்து வைத்திருந்த லேசர் அளவைகள் சீரமைப்புக்குத் துணை நின்றன. மூலத் தரவு பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. நம்மூரில் பலர் சுற்றிக் காட்டும் காணொளியைப் பெற்றுக்கொண்டு மூலக் கோப்புகளைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்திலேயே மூலப் புள்ளித் தரவு, ஒளிப்படங்கள், அளவு வரைபடங்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். அளவைக்கான நிலைப்புள்ளிகளையும் கோயில் வளாகத்தில், சிற்பமோ கல்வெட்டோ இல்லாத இடத்தில் நிலையாகப் பதிக்கச் சொல்லுங்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளக்கும்போது, மதில் மேலும் சாய்ந்திருக்கிறதா என்பதை அவற்றைக் கொண்டுதான் ஒப்பிட முடியும்.