புல்லுக்கு மூன்று பிட்

அல்சூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் மகன் கைபேசியில் பிஜிஎம்ஐ விளையாடும்போது புல்லும் புதரும் இலை இலையாகத் தெரிகின்றன. அதே விளையாட்டின் போட்டியை அதே கைபேசியில் நேரலையாகப் பார்த்தால் அந்தப் புல் கஞ்சியாகக் குழைந்துவிடுகிறது. ஒளிபரப்புகிறவர்களிடம் நல்ல கேமரா இல்லையா?"

பிஜிஎம்ஐ என்பது பல அணிகள் ஒரே களத்தில் சுட்டு மோதிக்கொள்ளும் கைபேசி விளையாட்டு. வாசகரின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். வீரர்களின் முகத்தைக் காட்டும் கேமராக்கள் போட்டி அரங்கில் உண்டு. ஆட்டக்களத்தைப் படம்பிடிக்கும் கேமரா என்று ஒன்று எங்குமே இல்லை. அந்த வேலையைச் செய்பவர் அப்சர்வர். அவரும் மற்றவர்களைப் போலவே ஆட்டத்துக்குள் நுழைகிறார். ஆனால் அவருடைய உருவம் யாருக்கும் தெரியாது, குண்டு அவர்மேல் படாது, எந்த வீரரின் தோளுக்குப் பின்னாலும் நொடியில் போய் நிற்பார், சுவருக்கு அப்பால் ஒளிந்திருப்பவரையும் பார்ப்பார். அவருடைய திரையில் தெரிவதுதான் ஒளிபரப்பாக நம்மிடம் வருகிறது.

சில மாதங்களுக்கு முன் பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஓர் ஒளிபரப்புக் கூடத்தில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பிஜிஎம்ஐ போட்டிகளில் வழக்கமாக 16 அணிகள், அணிக்கு 4 பேர், ஆக 64 பேர். எராங்கல் என்ற களமோ 8 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். அல்சூர் ஏரியிலிருந்து ஜெயநகர் நான்காம் பிளாக்குக்கு இழுக்கும் நேர்க்கோட்டைவிட அதன் ஒரு பக்கம் சற்று நீளம். இவ்வளவு பரப்பையும் ஒருவரால் கண்காணிக்க முடியாது என்பதால் பல அப்சர்வர்கள் களத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, சண்டை மூளும் இடத்தைக் காதில் மாட்டிய கருவி வழியாக இயக்குநருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஒருவர் ரீப்ளே வெட்டுகிறார், ஒருவர் மதிப்பெண் பலகையை ஏற்றுகிறார், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இரண்டு வர்ணனையாளர்கள் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

புதிது ஒன்று உண்டு. அப்சர்வர் எல்லோரையும் பார்க்கிறார் என்பதால் அவருடைய படம் ஒரு போட்டியாளரின் கண்ணில் பட்டாலே ஆட்டம் கெட்டுவிடும். 2012-இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டியில், அரங்கின் பெரிய திரையைத் திரும்பிப் பார்த்த குற்றத்துக்காகத் தென்கொரிய அணி ஒன்றுக்கு 30,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எனவே நேரலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் வேண்டுமென்றே சில நிமிடங்கள் தாமதப்படுத்தப்பட்ட ஒளிபரப்பு. நான் அறைக்குள் பார்த்து முடித்த சண்டைக்கு வெளியே வரவேற்பறைத் தொலைக்காட்சியின் முன் இருந்தவர்கள் பிறகு கூச்சலிட்டதைக் கேட்டது விசித்திரமான அனுபவமாக இருந்தது.

வாசகரின் கேள்வியை அந்த அறையிலேயே கேட்டேன். ஓசூரிலிருந்து தினமும் வந்து போகும் ஓர் இளம் அப்சர்வர் சிரித்துவிட்டார். "சார், அந்த அறுபத்து நாலு பேர்ல யாரும் எங்களுக்கு எதிரி இல்ல. புல்லும் புகையும்தான் எதிரி. ஸ்மோக் போட்டாங்கன்னா என்கோடர்கிட்ட உட்காந்திருக்கிறவரு தலையில கைய வெச்சுக்குவாரு." படத்தைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்பும் கருவிதான் என்கோடர். அதன் தலைமேல் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. பழத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெட்டியின் வெப்பக்காற்று வெளியேறும் துளைகளை அது பாதி மூடியிருந்ததுதான் வருத்தம்.

புல் ஏன் எதிரி என்பதற்கு முதலில் ஒரு கணக்கு. வாசகரின் மகன் விளையாடும்போது அவருடைய கைபேசிக்குப் படம் எதுவும் வருவதில்லை. புல், மரம், வீடு, வானம் எல்லாமே விளையாட்டைப் பதிவிறக்கிய அன்றே கைபேசிக்குள் வந்துவிட்டன. சர்வரிலிருந்து வருவது யார் எங்கே நிற்கிறார், எந்தத் திசையில் பார்க்கிறார், சுட்டாரா இல்லையா என்ற செய்தி மட்டும்தான். ஒரு வீரரைப் பற்றிய செய்திக்கு 50 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்; ஒரு பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரே இலக்கம்) என்று தாராளமாக வைத்துக்கொண்டு, 64 பேரின் செய்தியும் நொடிக்கு 30 முறை வருவதாகக் கொண்டால்கூட, நொடிக்கு 96,000 பைட், அதாவது முக்கால் மெகாபிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அந்தச் செய்தியை வைத்துக் கைபேசி தன்னிடம் உள்ள புல்லைத் தானே வரைந்துகொள்கிறது. புல் எங்கிருந்தும் பயணம் செய்யவில்லை. அதனால் நசுங்கவும் இல்லை.

நேரலையில் கதை வேறு. அப்சர்வரின் கருவி வரைந்து முடித்த படத்தை, அது புல் என்ற அறிவே இல்லாமல், வெறும் நிறப் புள்ளிகளாக ஊர் முழுக்க அனுப்ப வேண்டும். 1920-க்கு 1080 என்ற படத்தில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட். நொடிக்கு 60 படங்கள். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 3 கிகாபிட். நம் வீட்டு இணையத்தில் அது வராது; நொடிக்கு 6 மெகாபிட் வருகிறது என்று வையுங்கள். ஆகவே என்கோடர் படத்தை 500-இல் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும். இதையே வேறு விதமாகச் சொல்கிறேன். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாக வெட்டினால் 32,400 சதுரங்கள் கிடைக்கும்; ஒரு படத்துக்குக் கிடைக்கும் 1,00,000 பிட்டை அவற்றுக்குப் பங்கிட்டால், 64 பிக்சல் கொண்ட ஒரு சதுரத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது மூன்றே மூன்று பிட். மூன்று பிட்டில் எட்டு வரை எண்ணலாம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இந்த அளவுக்காவது படம் காட்டுகிறார்கள் என்பதுதான் வியப்பு. அந்த வியப்பின் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமாக டிசிடி.

எட்டுக்கு எட்டு புள்ளி வைத்த வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் என்று எழுதினால் 64 எண்கள் வரும். டிசிடி சொல்வது இது: 64 அடிப்படைக் கோலங்களை முன்கூட்டியே நிர்ணயித்துவிடலாம், எந்தப் படத்துண்டையும் அந்தக் கோலங்களை வெவ்வேறு அளவில் ஒன்றின்மேல் ஒன்றாக இட்டு உண்டாக்கிவிடலாம். முதல் கோலம் முழுவதும் ஒரே வெளுப்பு. இரண்டாவது, இடப்பக்கம் வெளுத்து வலப்பக்கம் மெல்லக் கறுப்பது. அடுத்தடுத்தவை கொசைன் அலை இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று குறுக்கிலும் நெடுக்கிலும் மடங்கி, கடைசிக் கோலம் ஏறத்தாழச் சதுரங்கப் பலகை போல நெருக்கமாகத் துடிக்கும். 64 எண்களைக் கொடுத்தோம், 64 எண்கள்தான் திரும்ப வந்தன. இதுவரை ஒரு பிட்கூட மிச்சமாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மிச்சம் எங்கே வருகிறது என்றால், உலகம் பெரும்பாலும் வழவழப்பானது என்பதில் வருகிறது. வானத்தின் ஒரு துண்டை எடுத்தால் முதல் இரண்டு மூன்று கோலங்களே போதும். மற்ற அறுபதுக்கும் பங்கு ஏறத்தாழச் சுழியம். மேலும், நம் கண் மெதுவான ஏற்ற இறக்கத்தை நுட்பமாக உணரும், நெருக்கமான துடிப்பில் சிறிது குறைந்தாலும் கண்டுகொள்ளாது. ஆகவே என்கோடர் மெதுவான கோலங்களின் எண்களைச் சிறிய எண்ணாலும், துடிப்பான கோலங்களின் எண்களைப் பெரிய எண்ணாலும் வகுத்து, முழு எண்ணாக்கிவிடுகிறது. 37-ஐ 10-ஆல் வகுத்து 4 என்று எழுதினால், மறுமுனையில் அது 40 ஆகத் திரும்பும், யாருக்கும் தெரியாது. 6-ஐ 40-ஆல் வகுத்தால் சுழியம். அது திரும்பவே திரும்பாது. இப்படி வரிசையாக வரும் சுழியங்களை "இனி ஒன்றுமில்லை" என்ற ஒரே குறியால் எழுதிவிடலாம். வானம் கொடுத்து வைத்தது. புல்லோ ஒரு பிக்சல் வெளிச்சம், அடுத்த பிக்சல் நிழல் என்று நெருங்கித் துடிப்பது. அதன் உயிர் முழுவதும் கடைசிக் கோலங்களில் இருக்கிறது, வகுத்தல் முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான். எஞ்சுவது சராசரிப் பச்சை. வாசகர் பார்த்த கஞ்சி அதுதான்.

ஏன் கொசைன் என்ற கேள்வியில்தான் எனக்குத் தனி மயக்கம். அலைகளாகப் பிரிப்பது பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே காலத்திலிருந்தே தெரிந்த வித்தை. ஆனால் ஃபூரியே முறை, வெட்டிய துண்டு அப்படியே அடுத்தடுத்துத் திரும்ப வருவதாகக் கருதிக்கொள்கிறது: ஒரு புடவைத் துண்டின் வலது ஓரத்தோடு அதே துண்டின் இடது ஓரத்தைத் தைத்தால், சிவப்பும் மஞ்சளும் மோதும் ஒரு வெடுக்கென்ற மாற்றம் தையலில் தெரியும் அல்லவா, அந்தப் பொய்யான மாற்றத்தை வரைவதற்கே நிறைய துடிப்பு அலைகள் செலவாகிவிடும். கொசைன் முறையோ துணியை ஓரத்தில் மடித்துப் போடுகிறது. மடிப்பில் சிவப்பைச் சிவப்பே சந்திக்கிறது. மோதல் இல்லை, வீண் அலையும் இல்லை. வெட்டிய இடத்தில் ஒட்டுப்போடாமல் மடித்துவிடு என்ற இந்த ஒரு யோசனைதான் இன்று உலகின் படங்களில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. புகைப்படங்களைச் சுருக்கும் 1992-இன் ஜேபெக் தரமும் இதில்தான் நிற்கிறது. நேரலைகளில் பரவலாகப் புழங்கும், 2003-இல் வெளியான எச்.264 என்ற காணொளிச் சுருக்கத் தரம் இதையே முழு எண் கணக்காக எளிமையாக்கிப் பயன்படுத்துகிறது.

டிசிடியைக் கண்டுபிடித்தவர் நம் ஊர்க்காரர். நசீர் அகமது 1940-இல் பெங்களூரில் பிறந்து, கே.ஆர். சர்க்கிளில் இன்றும் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் 1961-இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். 1972-இல் இந்த ஆய்வுக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதினார். நிதி இல்லாமலேயே வேலையைத் தொடர்ந்து, தம் மாணவர் டி. நடராஜனோடும் நண்பர் கே.ஆர். ராவோடும் சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். நம் நாடு மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காட்டைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அந்தச் சிறு தொகையையும் "உடனடிப் பயன் என்ன" என்று கேட்டுக் கேட்டே பங்கிடுகிறோம். அகமதின் விண்ணப்பத்தில் "2020-களில் பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டை நேரலையில் பார்ப்பார்கள்" என்று எழுத யாருக்குத் தோன்றியிருக்கும்?

டிசிடி மட்டும் போதாது. முந்தைய படத்தில் இருந்த சுவர் இந்தப் படத்தில் பத்து பிக்சல் தள்ளி இருக்கிறது என்றால், சுவரை மறுபடி வரையாமல் "பத்து பிக்சல் தள்ளு" என்று மட்டும் சொல்லி என்கோடர் மிச்சம் பிடிக்கும். சுவர் ஒன்றாக நகரும். காற்றில் ஆடும் புல்லில் ஒவ்வோர் இலையும் தன் போக்கில் அசைகிறது, புகையோ வடிவத்தையே மாற்றிக்கொண்டு சுருள்கிறது. "தள்ளு" என்று சொல்ல அங்கே எதுவும் நிலைப்பதில்லை. அப்சர்வர் ஒரு வீரரிடமிருந்து இன்னொரு வீரருக்குத் தாவும்போதெல்லாம் முந்தைய படமே பயனற்றுப் போவதால், நல்ல அப்சர்வர்கள் தேவையில்லாமல் தாவுவதில்லை. பார்ப்பவரின் கண்ணுக்கும் அது நல்லது என்பதால் இரட்டை இலாபம்.

இதற்கு மேல் ஒரே ஆட்டத்தை ஐந்தாறு அளவுகளில் சுருக்கி வைத்து, உங்கள் இணைப்பின் வேகத்துக்கேற்ப ஒன்றைத் தருகிறார்கள். எம்.ஜி. சாலையைத் தாண்டி மெட்ரோ கப்பன் பூங்காவை நோக்கிப் பூமிக்குள் இறங்கும்போது அலைவரிசை தளர்ந்து, படம் 360 வரிக்குச் சரிந்தால், புல்லுக்கு அந்த மூன்று பிட் பங்கும் இல்லை. வாசகர் வீட்டில் நல்ல இணைப்பு இருந்தால், தானியங்கித் தேர்வை விட்டு 1080-ஐத் தாமே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். கஞ்சி சற்றுக் கெட்டிப்படும்.

முழுத் தீர்வு ஒன்றும் இருக்கிறது: படத்தை அனுப்பாமல் செய்தியை மட்டும் அனுப்புவது. டோட்டா 2 விளையாட்டில், விளையாட்டைத் தம் கணினியில் வைத்திருப்பவர்கள் போட்டியை அதற்குள்ளேயே பார்க்கலாம். வர்ணனையாளரின் குரலும் அவர் பார்க்கும் கோணமும்கூடச் செய்தியாகவே வந்து சேர்கின்றன, களத்தை அவரவர் கணினி வரைந்துகொள்கிறது. அங்கே ஒவ்வொரு புல்லும் கூர்மை. ஆனால் விளையாட்டைப் பதிவிறக்காத தாத்தாவும் பாட்டியும் பேரன் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டுமே. அவர்களுக்குக் காணொளிதான் வழி.

அன்று இறுதி ஆட்டம் முடிந்ததும், போட்டி நடந்த அரங்கின் கூரையிலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கான துண்டுகள், ஒவ்வொன்றும் தனித் திசையில் சுழன்றபடி; வென்ற அணியின் தலைவர் முகம் திரையில் கட்டம் கட்டமாகக் கரைந்தது. என்கோடருக்கு முன் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். இயக்குநர் பதறாமல், கோப்பையின் வழவழப்பான வெள்ளிப் பரப்பை மட்டும் நெருக்கமாகக் காட்டும் கேமராவுக்கு மாறினார். காகிதம் தரையில் விழுந்து அடங்கும் வரை அங்கேயே இருந்தார்.