விலக்கு வேறு, நீக்கம் வேறு: எண்ணெய்த் தடைத் ‘தளர்வை’ நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்

“ரஷ்ய எண்ணெய்க்குத் தடையைத் தளர்த்திவிட்டார்கள்” என்று ஒரு செய்தித் தலைப்பு வரும். அதைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுவார்கள். பிறகு கப்பல் நங்கூரத்தில் நிற்கும், பணம் வங்கியில் நிற்கும். இப்படியான கோப்புகள் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

போர் நடக்கும்போதே எதிரியின் எண்ணெய்க்கு வழிவிடுவது புதிதல்ல. 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய நாள். அன்றே அமெரிக்க நிதித் துறையின் ஓஃபாக் அலுவலகம் ரஷ்யாவின் பெரிய வங்கிகள்மீது தடை போட்டது. அந்த வங்கிகள் வழியாக எரிசக்திக்கான பணம் மட்டும் போகலாம் என்று 8-ஆம் எண் பொது உரிமத்தையும் அன்றே கொடுத்தது. மார்ச் 8 அன்று ரஷ்ய எண்ணெய் அமெரிக்காவுக்குள் வரவே கூடாது என்று ஆணை வந்தது. பணம் போக வழி திறந்திருந்தது, அமெரிக்கத் துறைமுகம் மூடியிருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

பொது உரிமம் என்பது தடை நீங்கியதற்கான சான்றிதழ் அல்ல. தடை அப்படியே இருக்கிறது. இன்னார், இன்ன வேலையை, இன்ன நேரம் வரை செய்தால் நடவடிக்கை இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்த நேரமும் கெட்டி இல்லை. 8கே உரிமம் 2025 ஏப்ரல் 30 வரை என்றுதான் இருந்தது. ஜனவரி 10 அன்று 8எல் வந்து அதை மார்ச் 12-ஆகச் சுருக்கியது. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்து மாறினால் பழைய உரிமம் செத்துவிட்டது என்று பொருள். கோப்பில் பழைய எழுத்தை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

தேதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 2025 ஜனவரி 10-இல் 183 கப்பல்கள் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அன்றோ அதற்கு முன்போ ஏற்றிய சரக்கை இறக்க பிப்ரவரி 27 வரை அவகாசம் கிடைத்தது. “27-ஆம் தேதி முழுவதும் இருக்கிறதே” என்றால், இல்லை. வாஷிங்டன் நேரப்படி 27 பிறந்து ஒரு நிமிடத்தில், அதாவது நள்ளிரவு 12:01-க்கு அது முடிந்தது. இந்திய நேரம் 27 காலை 10:31. மார்ச் 12 கெடுவுக்கு இந்திய நேரம் காலை 9:31, ஏனென்றால் இடையில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிட்டார்கள். பத்து லட்சம் பீப்பாய் கொண்ட சூயஸ்மாக்ஸ் கப்பலை இறக்க ஒன்றரை நாள்கூட ஆகலாம். 26 காலையில் குழாய் மாட்டினால் சரக்கில் ஒரு பகுதி கப்பலில் இருக்கும்போதே கெடு முடிந்துவிடும். குறைந்தது மூன்று நாள் கையில் இருக்கட்டும்.

‘ஏற்றிய தேதி’ என்பது பில் ஆஃப் லேடிங்கில், அதாவது சரக்கு ஏற்றியதற்கான கப்பல் ரசீதில், எழுதியிருப்பது மட்டுமல்ல. கப்பல் தான் இருக்கும் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் தடத்தோடு ஒப்பிடுங்கள். நடுக்கடலில் கப்பல் மாற்றிய சரக்கு என்றால் முதல் கப்பலின் ஆவணம் வரை போங்கள். கப்பலைப் பெயரால் தேடாதீர்கள், பெயரை மாற்றிவிடுவார்கள். கப்பலின் பதிவு அடையாளமான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது.

சரக்கை இறக்க அனுமதி இருந்தால் பணம் கொடுக்கவும் அனுமதி உண்டு என்று நினைக்காதீர்கள். பல உரிமங்களில், தடைப்பட்டவருக்குரிய பணம் முடக்கப்பட்ட கணக்குக்குத்தான் போகவேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். “நாங்கள் இந்தியாவில்தானே இருக்கிறோம்” என்பதும் உதவாது. டாலர் பெரும்பாலும் நியூயார்க் வங்கி வழியாகத்தான் போகிறது, அங்கே அமெரிக்கச் சட்டம்தான் செல்லும்.

விற்பவர் பெயர் பட்டியலில் இல்லையென்றாலும் உரிமையாளர்களைப் பாருங்கள். தடைப்பட்டவர்களின் பங்குகளைக் கூட்டி 50 சதவீதம் வந்தால் அந்த நிறுவனமும் தடைப்பட்டதே. ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 25 என்றால் முடிந்தது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா நிறுவனத்தில் ரஷ்ய அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டின் பங்கு 49.13 சதவீதம், அமெரிக்கக் கணக்கில் வரம்புக்குக் கீழே. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூலையில் நயாராவையே நேரடியாகப் பட்டியலில் போட்டது.

இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: வாஷிங்டன் தளர்த்தினால் பிரஸ்ஸல்ஸும் லண்டனும் தளர்த்தியதாகாது. ரஷ்ய எண்ணெய்க்கு விலை உச்சவரம்பு உண்டு: அதற்கு மேல் விற்றால் மேற்கத்தியக் காப்பீடும் கப்பல் சேவையும் கிடையாது. 2022 டிசம்பர் 5 முதல் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய் 60 டாலர் என்று இருந்த அந்த வரம்பை ஐரோப்பா 2025 செப்டம்பரில் 47.6 டாலராக இறக்கியது. அமெரிக்கா இறக்கவில்லை. கப்பல் காப்பீட்டுச் சங்கங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இருக்கின்றன. காப்பீடு போய்விட்டால் உங்கள் கையில் உள்ள அமெரிக்க உரிமத்தை வைத்துக்கொண்டு பல துறைமுகங்களுக்குள் நுழைய முடியாது. சரக்கு ஏற்றும் முன்பே சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது.

ஒப்பந்தம் போட்ட நாளில் இருந்த உரிமத்தின் முழு உரை, தடைப்பட்டியலில் தேடிய பதிவு, விலையிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டிய கப்பல் கூலியும் காப்பீட்டுத் தொகையும், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஐந்து ஆண்டு வைத்தால் போதும் என்ற பழைய விதி 2025 மார்ச் 12 முதல் இல்லை. இப்போது பத்து ஆண்டு.