ஃபியூஷன் – இணைவு இசை

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் பாட் மெத்தீனியின் முதல் இசைத்தொகுப்பு 'பிரைட் சைஸ் லைஃப்' 1976-இல் வெளிவந்தது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று பேச்சு வந்தால் 'ஜாஸ் ஃபியூஷன்' என்ற பெயர் கட்டாயம் எழும். தமிழில் எழுதுகிறவர்களும் ஃபியூஷன் என்றே எழுதிவிட்டு நகர்கிறோம். இதற்கு நல்ல தமிழ்ச்சொல் உண்டு. ஆனால் வேரைப் பார்க்காமல் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் பொருள் தப்பிவிடும்.

லத்தீனில் 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுவது, உருக்கி வார்ப்பது. அதன் பெயர்ச்சொல் 'ஃபூஸியோ'. ஆங்கிலத்துக்கு 16-ஆம் நூற்றாண்டில் வந்தபோது, சூட்டில் ஒரு பொருள் உருகுவதைத்தான் இந்தச் சொல் குறித்தது. உலோகம் வார்க்கும் ஃபவுண்டரியும் இதே வேரில் முளைத்ததுதான். வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃபியூஸும் அப்படியே. அதற்கு 'மின் உருகி' என்று பெயர் வைத்தவர் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

நம் பாடநூல்களில் இந்த ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ் வடிவங்கள் இருக்கின்றன. பனிக்கட்டி நீராகும் இடத்தில் 'உருகுதல்'. சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியம் ஆகும் இடத்தில் 'அணுக்கரு இணைவு'. இசைக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். சேர்ந்தவை பழைய நிலையில் இல்லை, புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது.

இசையில் இந்தப் பெயர் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒட்டியது. 1960-களின் கடைசியில் ஜாஸ் கலைஞர்கள் மின்கருவிகளையும் ராக் தாளத்தையும் எடுத்துக்கொண்டபோது அதை 'ஜாஸ்-ராக்' என்றார்கள். ஃபியூஷன் என்ற பெயர் பரவலானது 1970-களில். ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தன் முதல் தொகுப்பான 'எக்ஸ்ட்ராபொலேஷ'னை லண்டனில் பதிவு செய்தது 1969 ஜனவரியில். பெயர் நிலைப்பதற்கு முன்பே இசை வந்துவிட்டது. அவரே பின்னர் 'சக்தி' குழுவில் எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு சேர்ந்து வாசித்தார். நம் ஊரில் ஃபியூஷன் என்றதும் பலருக்கு நினைவு வருவது இந்த மாதிரிக் கச்சேரிதான்.

இதற்குக் 'கலப்பிசை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரிசியோடு பருப்பைக் கலந்தால் இரண்டையும் திரும்பப் பொறுக்கி எடுத்துவிடலாம். மெத்தீனியிடம் அது நடக்காது. 1975 டிசம்பரில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில், ஈசிஎம் என்ற இசைப்பதிவு நிறுவனத்துக்காக, 21 வயதில் அவர் பதிவு செய்த தொகுப்புதான் 'பிரைட் சைஸ் லைஃப்'. உடன் வாசித்தவர்கள் இரண்டே பேர்: ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) இல்லாத பேஸ் கிட்டாரில் ஜாகோ பாஸ்டோரியஸ், டிரம்ஸில் பாப் மோசஸ். ராக் இசையின் இரைச்சல் கிடையாது. 'மிசௌரி அன்காம்ப்ரமைஸ்டு', 'ஒமாஹா செலிப்ரேஷன்' என்று பெயர்களிலேயே அமெரிக்க நடுமேற்கின் இடங்கள் வருகின்றன. மெத்தீனி பிறந்தது மிசௌரியில். அந்த மெட்டுகளில் நாட்டுப்புறத் தொனி எங்கே முடிகிறது, ஜாஸின் கற்பனை வாசிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. பேஸ் கிட்டாரும் பின்னால் நின்று தாங்குவதோடு நிற்காமல் கிட்டாரோடு சேர்ந்து பாடிக்கொண்டே போகிறது. இணைவு என்றால் இதுதான்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இணைவிசை' என்று சேர்த்து எழுதினால் 'இணை விசை' என்று படித்து, இயற்பியல் சங்கதி என்று நினைத்துவிடுவார்கள். அதனால் 'இணைவு இசை' என்று பிரித்தே எழுதலாம். ஜாஸ் ஓர் இசைமரபின் பெயர். அதை மாற்ற வேண்டியதில்லை. ஆக, ஜாஸ் ஃபியூஷன் என்பது 'ஜாஸ் இணைவு இசை'. அதை வாசிக்கும் கிட்டார் கலைஞரின் 'டெபியூ ஆல்பம்' அவருடைய 'முதல் இசைத்தொகுப்பு'. அரங்கேற்றம் என்ற சொல்லை மேடைக்கே விட்டுவிடலாம், பதிவுக்கூடத்தில் அரங்கு இல்லையே.