கியர்பாக்ஸும் மூச்சு விட வேண்டும்

காலையில் வாசல் பெருக்க வந்த அம்மாதான் முதலில் பார்த்தார். காரின் முன்சக்கரத்துக்கு உள்பக்கம், சிமெண்ட் தரையில் பழைய ஐம்பது பைசா அளவுக்கு ஒரு கறை. அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் நிற்கும் அந்தக் காருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. ஒரு மில்லி ஆயில் என்பது சுமார் 20 சொட்டு. நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 72 மில்லி போய்விடும். சின்னக் காரின் கியர்பாக்ஸில் ஏறக்குறைய 2 லிட்டர்தான் இருக்கும். ஒரு மாதத்துக்குள் அது காலி. இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். மேனுவல் கியர்பாக்ஸுக்கு அப்படி ஒரு விளக்கே கிடையாது. சத்தம் கேட்கும்போது பேரிங் தேய்ந்திருக்கும்.

சரி, சொட்டுவது எது? இரவில் காருக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றைப் போட்டு வைத்தேன். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி.யிலிருந்து வருவது, கவலை இல்லை. கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். ஆட்டோமேட்டிக் வண்டிகளின் கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள்; நாளானால் அது பழுப்பாகும். என் அட்டையில் இருந்தது தேன் நிறம், விரலில் பிசுபிசுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாடை போகவில்லை. அதுதான் கியர் ஆயிலின் அடையாளம். கியர் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் ஆயில் படலமே கிழிந்துபோகும் அளவுக்கு அழுத்தம் இருக்கும். அங்கே உண்டாகும் சூட்டில் ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாகப் படியும். பல்லோடு பல் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அந்தப் படலம்தான்.

எங்கிருந்து கசிகிறது என்பது அடுத்த கேள்வி. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், எடை கீழே இழுக்கும். அதனால் சொட்டு விழும் இடத்தை நம்பாமல், ஈரம் தொடங்கும் மேல் முனையைத் தேட வேண்டும். பட்டறை அண்ணன் காரை ரேம்பில் ஏற்றி, கியர்பாக்ஸை டீசல் விட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினார். ரெட்டிச்சாவடி வழியாக மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்பினோம். மறுபடி பார்த்தபோது, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் வெள்ளைப் பவுடரின்மேல் நூல் போல ஒரு பழுப்புக் கோடு.

அந்த இடத்தில் இருப்பது ஆயில் சீல்: ரப்பர் உதடு ஒன்று, அதை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்கும் வளைய ஸ்பிரிங் ஒன்று. சூடு பட்டுப் பட்டு ரப்பர் இறுகினால் உதடு வளைந்து கொடுக்காது, ஆயில் வெளியே வரும். ஆனால் அந்த சீலை ஆறு மாதம் முன்புதான் மாற்றியிருந்தோம்! அங்கேதான் அண்ணன் சந்தேகப்பட்டு மேலே கைவைத்தார், ப்ரீதரில்.

ப்ரீதர் என்பது கியர்பாக்ஸின் மூக்கு. நிற்கும்போது 30 டிகிரியில் இருக்கும் உள்காற்று, ஓடும்போது 90 டிகிரி வரை போகலாம். அடைபட்ட பெட்டிக்குள் என்றால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ப்ரீதர் திறந்திருந்தால் அந்தக் காற்று அமைதியாக வெளியேறும். அடைத்துக்கொண்டால், ஆயிலைத் தள்ளிக்கொண்டு சீலின் உதட்டைத் தாண்டும். புது சீலும் இதற்குத் தாங்காது.

எங்கள் ப்ரீதர் மூடிக்குள் காய்ந்த வண்டல் இறுகிக் கிடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின், தேங்கிய தண்ணீரில் அவசரத்துக்கு இந்தக் காரை ஓட்டினேன். செய்திருக்கக் கூடாது. சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று ஆறும்போது உள்காற்று சுருங்கும்; அப்போது ப்ரீதர் வழியாகத் தண்ணீரும் சேறும் உள்ளே உறிஞ்சப்படும். ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது, அடியில் தங்கியிருந்த பால் கலந்த காபி நிற ஆயில், அதாவது தண்ணீர் கலந்தது. இப்படிப்பட்ட ஆயில் பற்களைக் காக்காது, பேரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் சொட்டு விழக் காத்திருக்காமல் இந்த ஆயிலின் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ப்ரீதரைக் கழற்றிக் காற்றடித்தோம், சீலை மாற்றினோம், பழைய ஆயிலை முழுக்க வடித்தோம். புது ஆயிலை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, பக்கவாட்டு லெவல் ஓட்டையில் வழியத் தொடங்கும் வரை ஊற்ற வேண்டும். வழிவது நின்றதும் பிளக்கைப் பூட்டலாம். அதற்கும் ட்ரெயின் போல்ட்டுக்கும் பழைய வாஷரையே திரும்பப் போடாதீர்கள்.